ஈரச் சாக்கும் ஒரு குதிரையும்: கோடையில் கற்ற அறிவியல் பாடம்

“டீச்சர், நீங்க சொன்ன மாதிரிதான் செஞ்சேன். ஆனா குதிரைக்கு இன்னும் முடியாமப் போயிடுச்சு.”

ஏப்ரல் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்து எட்டாம் வகுப்புக்குள் நுழைந்ததும் ஒரு மாணவன் என்னிடம் சொன்னது இது. முந்தைய நாள் அவன் பள்ளிக்கு வரவில்லை. அவன் முகத்தில் என்மேல் கோபம் இல்லை. குழப்பம்தான் இருந்தது. அதுவே என்னை அதிகம் தொந்தரவு செய்தது.

கந்தர்வக்கோட்டைப் பகுதியை அறிந்தவர்களுக்கு எங்கள் மண் தெரியும். தஞ்சாவூரிலிருந்து புதுக்கோட்டை செல்லும் சாலையில் வயல் முடிந்து செம்மண் தொடங்கும் இடம். முந்திரி, நிலக்கடலை, தைல மரம். வற்றாத ஆறு இல்லாத மாவட்டம் என்பதால் கண்மாயும் ஆழ்துளைக் கிணறும்தான் கதி. எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோர் வீட்டில் ஆடோ மாடோ இருக்கும். குதிரை வளர்ப்பவர்கள் மிகச் சிலர். கோயில் திருவிழாக்களையொட்டி நம் மாவட்டத்தில் மாட்டு வண்டிப் பந்தயத்தோடு குதிரை வண்டிப் பந்தயமும் நடப்பதால் அதற்கென்று வளர்ப்பார்கள். இந்த மாணவனின் தாத்தாவும் அப்படி ஒருவர்.

நடந்தது இதுதான். வெள்ளிக்கிழமை நான் ஆவியாதல் பற்றிப் பாடம் நடத்தினேன். பஞ்சில் கிருமிநாசினி தொட்டுப் பிள்ளைகளின் புறங்கையில் தடவினேன். “ஜில்லுனு இருக்கு டீச்சர்” என்றார்கள். மண்பானையைச் சொன்னேன். வெயிலில் ஈரத்துணியைப் போர்த்திக்கொண்டால் உடல் குளிரும் என்றும் சொன்னேன். மணி அடித்தது, கிளம்பிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை குதிரையைப் பயிற்சிக்கு ஓட்டியிருக்கிறார்கள். பிற்பகலில் மேகம் கூடியது. காற்று அறவே நின்றுபோனது. மழை வரும் என்று தகரக் கொட்டகையின் பக்கப் படல்களை இழுத்து மூடிவிட்டார்கள். உள்ளே குதிரை வியர்த்துக்கொண்டு நின்றது. வீட்டில் பெரியவர்கள் இல்லை. மாணவன் இரண்டு சாக்குகளைத் தண்ணீரில் நனைத்து அதன் முதுகில் போர்த்திவிட்டு, “குளிர்ந்திடும்” என்ற நம்பிக்கையோடு உட்கார்ந்திருக்கிறான். ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால், மூக்குத் துவாரம் விரிந்து, விலா பறக்க மூச்சு வாங்கிக்கொண்டு, தலையைத் தொங்கப்போட்டு நின்றதாம் குதிரை. கொள்ளை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அன்று மாலை அவன் வீட்டுக்குப் போனேன். குதிரை பிழைத்துக்கொண்டது. கால்நடை மருத்துவர் இரண்டாம் முறையாக வந்து பார்த்துக்கொண்டிருந்தார். தாத்தா என்னைப் பார்த்ததும், “வாங்கம்மா. புள்ளைய ஒண்ணும் சொல்லிடாதீங்க. பள்ளிக்கூடத்துல படிச்சதத்தான் செஞ்சான்” என்றார். அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. இருந்தாலும் எனக்குத் தைத்தது.

நான் சொன்னது தவறா என்று யோசித்தேன். ஆவியாதல் குளிர்ச்சி தரும் என்பது சரி. ஆனால் எந்தச் சூழலில் ஆவியாதல் நடக்கும், எப்போது நடக்காது என்பதை நான் சொல்லவே இல்லை. தேர்வுக்கு அந்தப் பாதி போதும். கொட்டகைக்குப் போதாது. அடுத்த ஒரு வாரப் பாடவேளைகளை இந்த மீதிப் பாதிக்கு ஒதுக்கினேன். அந்த அனுபவத்தைத்தான் இங்கே பகிர்கிறேன்.

மருத்துவர் சொன்ன பாடம்

மருத்துவர் எனக்கு விளக்கியதை வகுப்பில் அப்படியே தொடக்கப் பகுதியாக வைத்துக்கொண்டேன்.

குதிரை ஓடும்போது தசைகள் செலவிடும் ஆற்றலில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் வெப்பமாகத்தான் மாறுகிறது. அந்த வெப்பம் வெளியேறியாக வேண்டும். நாய் நாக்கைத் தொங்கவிட்டு இளைக்கிறது. எருமைக்கு வியர்வைச் சுரப்பிகள் குறைவு, அதனால் குட்டையைத் தேடிப் போகிறது. குதிரையோ மனிதனைப் போல முதன்மையாக வியர்வையை நம்பியிருக்கும் விலங்கு. கடும் உழைப்பின்போது ஒரு மணி நேரத்தில் பத்து லிட்டருக்கு மேலும் அதற்கு வியர்க்கும். குதிரையின் வியர்வையில் லேதரின் என்ற புரதம் இருக்கிறது. சோப்புபோல வேலை செய்து, அடர்ந்த முடியின் வழியாக வியர்வை பரவி ஆவியாக அது உதவுகிறது. சேணம் உரசும் இடத்தில் வெள்ளையாக நுரை கட்டுவது இதனால்தான்.

வியர்வை வெளிவருவதால் மட்டும் உடல் குளிர்ந்துவிடாது. அது ஆவியாகும்போதுதான் உடலின் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாகாமல் சொட்டுச் சொட்டாகக் கீழே விழும். உடம்பிலிருந்து நீரும் உப்பும் போகும், சூடு மட்டும் போகாது. மழைக்கு முந்தைய புழுக்கத்தில் குதிரை தவித்தது இதனால்தான். காற்று நின்ற, படல் மூடிய கொட்டகையில் முதுகில் போட்ட சாக்கு, வியர்வைக்கு மேல் இன்னொரு மூடியாகிவிட்டது. சாக்கிலிருந்த தண்ணீர் சில நிமிடங்களில் உடல்சூட்டுக்கு வந்துவிட்டது. பிறகு அது கம்பளிதான்.

அமைதியாக நிற்கும் குதிரை நிமிடத்துக்கு 8 முதல் 16 முறை மூச்சு விடும். உடல் வெப்பநிலை 99 முதல் 101.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருக்கும். அன்று மருத்துவர் பார்த்தபோது 105 டிகிரி. சாக்கை எடுத்து எறிந்து, குதிரையை வெளியே வேப்பமர நிழலுக்குக் கொண்டுவந்து, கழுத்து, மார்பு, முதுகு, தொடை என்று உடல் முழுவதும் குடம் குடமாக விடாமல் தண்ணீர் ஊற்றச் சொல்லியிருக்கிறார். மின்விசிறியை நீட்டிப்பு வயரில் இழுத்து, தண்ணீர் தெறிக்காத தூரத்தில் வைத்தார்கள். நரம்பு வழியாகத் திரவமும் ஏற்றினார். ஒரு மணி நேரத்துக்குள் தலை நிமிர்ந்தது. அதற்குப் பிறகு மேகம் இடித்ததும் குதிரையை மரத்தடியிலிருந்து உள்ளே கட்டினார்கள். அந்த மரத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

“சூடான உடம்புல பச்சத்தண்ணி ஊத்தினா சதை பிடிச்சுக்கும்னு எங்க காலத்துல சொல்லுவாங்க” என்றார் தாத்தா. உலகம் முழுவதும் குதிரை வளர்ப்பவர்களிடம் இந்த நம்பிக்கை இருந்தது. 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக் போட்டி வெப்பமும் புழுக்கமும் மிகுந்த கோடையில் நடக்கவிருந்ததால், கால்நடை மருத்துவ ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். குளிர்ந்த நீரை உடல் முழுவதும் ஊற்றுவதால் தசைக்குத் தீங்கு இல்லை, வெப்பம் விரைவாகத் தணிகிறது என்று கண்டார்கள். அந்தப் போட்டியில் குதிரைகளுக்குக் கூடுதல் ஓய்வும், நீர்த்தூவி விசிறிகளும், பனிக்கட்டி கலந்த நீரும் ஏற்பாடு செய்யப்பட்டன.

முதல் செயல்பாடு: ஐந்து டம்ளர்கள்

வகுப்பில் மாணவனின் பெயரைச் சொல்லி அவனைக் கூச வைக்க விரும்பவில்லை. “நான் வெள்ளிக்கிழமை பாதிதான் சொன்னேன். மீதியைச் சேர்ந்து கண்டுபிடிப்போம்” என்று தொடங்கினேன்.

ஒரே அளவுள்ள மூன்று எவர்சில்வர் டம்ளர்களில் சம அளவு வெந்நீர் ஊற்றினேன். கை பொறுக்கும் சூட்டைவிடச் சற்று அதிகம், ஏறத்தாழ 50 டிகிரி செல்சியஸ். வெந்நீரை ஆசிரியர்தான் ஊற்ற வேண்டும். டம்ளரின் வாயை அட்டையால் மூடி, ஒரு துளையில் வெப்பமானியைச் செருகினோம். அட்டை இல்லாவிட்டால் மேற்பரப்பிலிருந்தே நீர் ஆவியாகி முடிவைக் குழப்பிவிடும்.

‘அ’ டம்ளர் வெறுமனே இருந்தது. ‘ஆ’ டம்ளரைச் சுற்றி ஈரத்துணி, எதிரே மின்விசிறி. ‘இ’ டம்ளரைச் சுற்றியும் ஈரத்துணி, ஆனால் அதை ஒரு பாலித்தீன் பைக்குள் வைத்துக் கட்டிவிட்டோம். இதுதான் நம் மூடிய கொட்டகை.

வாசிப்பைத் தொடங்கும்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். “டீச்சர், ‘ஆ’வுக்கு மட்டும் விசிறி வச்சா, அது ஈரத்தால குளிர்ந்துச்சா காத்தால குளிர்ந்துச்சான்னு எப்படித் தெரியும்?”

நான் தயாரித்து வந்த சோதனையில் அந்த ஓட்டை இருந்தது. அவள் சொன்னபடி இரண்டு டம்ளர்களைச் சேர்த்தோம். ‘ஈ’ என்பது துணி இல்லாமல் விசிறி மட்டும். ‘உ’ என்பது விசிறி இல்லாமல் ஈரத்துணி மட்டும். ஒரு நேரத்தில் ஒரு காரணியை மட்டும் மாற்ற வேண்டும் என்ற அறிவியல் முறையை நான் கரும்பலகையில் எழுதாமலே வகுப்பு கற்றுக்கொண்டது.

ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அரை மணி நேரம் குறித்தோம். ‘ஆ’ எல்லாவற்றையும் முந்திக் குளிர்ந்தது. ‘ஈ’, ‘உ’ இரண்டும் இடையில் வந்தன. வெறும் டம்ளரும் பைக்குள் இருந்த ஈர டம்ளரும்தான் கடைசி. பையைத் திறந்தபோது அதன் உட்புறம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. “போக வழியில்லாம உள்ளேயே நின்னுடுச்சு” என்றான் ஒருவன். குதிரை வீட்டு மாணவன் பையை வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டாம் செயல்பாடு: வெயில், வெக்கை, புழுக்கம்

நம் மொழியில் வெப்பத்துக்குத் தனித்தனிச் சொற்கள் உண்டு. பிள்ளைகளிடம் கேட்டேன். தலையில் நேரடியாக அடிப்பது வெயில். தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் அனலாக வருவது வெக்கை. காற்றில்லாமல் உடம்பு பிசுபிசுப்பது புழுக்கம். “இவற்றில் விலங்குக்கு எது மோசம்?” என்றேன். பெரும்பாலோர் வெயில் என்றார்கள்.

இரண்டு ஆய்வக வெப்பமானிகளைச் சன்னலோர நிழலில் தொங்கவிட்டோம். ஒன்றின் குமிழில் பருத்தி விளக்குத் திரியைச் சுற்றி, அதன் நுனியைச் சிறு கிண்ணத் தண்ணீரில் விட்டோம். ஒன்று உலர் குமிழ், மற்றது ஈரக் குமிழ். காற்று வறண்டிருந்தால் திரியிலிருந்து நீர் வேகமாக ஆவியாகும், ஈரக் குமிழின் அளவு நன்றாக இறங்கும். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் இரண்டும் நெருங்கி வரும். எட்டாம் வகுப்புச் சமூக அறிவியலில் வரும் வானிலைப் பாடத்தின் ஈரப்பதம் என்ற சொல்லுக்கு இதைவிட எளிய கருவி எனக்குத் தெரியவில்லை.

வெயில் கொளுத்திய ஒரு நண்பகலில் உலர் குமிழ் 38, ஈரக் குமிழ் 25. வேறுபாடு 13 டிகிரி. இரண்டு நாள் கழித்து, மேகம் கூடி மழை வராமல் இழுத்தடித்த மாலையில் உலர் குமிழ் 34, ஈரக் குமிழ் 29. வேறுபாடு 5 மட்டுமே.

“வெயில் கம்மியாத்தான் இருக்கு. ஆனா வேர்வை போகாது” என்றாள் ஒரு மாணவி. வெப்பமானி நான்கு டிகிரி குறைத்துக் காட்டிய நாள்தான் குதிரைக்கு ஆபத்தான நாள் என்பதைப் பிள்ளைகளே சொன்னார்கள். அன்றிலிருந்து தினமும் இரண்டு முறை வாசித்து, வேறுபாடு 6 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அறிவிப்புப் பலகையில் “இன்று புழுக்க நாள்” என்று எழுதினோம். இந்த 6 என்பது நாங்கள் எங்கள் வசதிக்காக வைத்துக்கொண்ட எல்லை. உங்கள் பள்ளி நீங்களே பார்த்து முடிவு செய்துகொள்ளலாம்.

வீட்டுப்பணியாக, தங்கள் வீட்டு விலங்கு ஒன்றின் விலா அசைவை ஒரு நிமிடம் எண்ணி, காலை 7 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் எழுதிவரச் சொன்னேன். விலங்கைத் தொட வேண்டியதில்லை, தள்ளி நின்று எண்ணினால் போதும். குதிரை, மாடு எதுவானாலும் பின்பக்கம் நிற்கக் கூடாது என்பதை முதல் விதியாகச் சொன்னேன். கோழி அலகைத் திறந்து இறக்கையை அகட்டி நிற்பதையும், ஆடு சுவரோர நிழலில் ஒண்டுவதையும், எருமையைக் குட்டையிலிருந்து கிளப்ப முடியாததையும் பிள்ளைகள் படம் வரைந்து வந்தார்கள். வீட்டில் விலங்கு இல்லாதவர்கள் தெருநாயை எண்ணினார்கள்.

வரலாற்று ஆசிரியர் சேர்ந்துகொண்டார்

ஓய்வறையில் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது எங்கள் சமூக அறிவியல் ஆசிரியர், “குதிரையே நம்ம ஊருக்கு வந்த விருந்தாளிதானே” என்றார். அவருக்கு ஒரு பாடவேளை கொடுத்தேன்.

பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல் வழியாகக் குதிரைகள் வந்ததைச் சொல்கிறது. பிற்காலப் பாண்டியர் காலத்தில் அரேபியாவிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் கப்பல் கப்பலாகக் குதிரைகள் காயல் துறைமுகத்துக்கு வந்தன. பதிமூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த மார்க்கோ போலோ, வாங்கிய குதிரைகளில் பெரும்பகுதி ஆண்டு முடிவதற்குள் இறந்துவிடுவதாகவும், பராமரிக்கத் தெரிந்தவர்கள் இங்கு இல்லாததே காரணம் என்றும் எழுதுகிறார். வணிகர்கள் குதிரை வைத்தியர்களை இங்கே வரவிடுவதில்லை, குதிரைகள் சாகச் சாக அவர்களுக்கு வியாபாரம் என்றும் சொல்கிறார். ஏறத்தாழ அதே காலத்தில் எழுதிய பாரசீக வரலாற்றாசிரியர் வசாஃபும் இந்தக் குதிரை வணிகத்தையும், குதிரைகளுக்கு ஒவ்வாத தீனி கொடுக்கப்பட்டதையும் குறிப்பிடுகிறார்.

ஆசிரியர் இதைச் சொல்லிவிட்டு நிறுத்தவில்லை. “வெளியூர்க்காரர் சொன்னதை அப்படியே நம்பலாமா? வேறு காரணம் இருந்திருக்குமா?” என்று கேட்டார். வறண்ட பாலைவனக் காற்றில் பிறந்து வளர்ந்த குதிரை, கடலோரப் புழுக்கத்துக்கு வந்தால் என்ன ஆகும் என்பதை ஈரக் குமிழ் படித்த பிள்ளைகள் உடனே பிடித்துக்கொண்டார்கள். வெப்பமண்டல நாடுகளுக்குக் கொண்டுவரப்பட்ட குதிரைகளில் சிலவற்றுக்கு வியர்வை சுரப்பதே நின்றுபோகும் ஒரு நோய் உண்டு என்பதை நான் சேர்த்துச் சொன்னேன். மன்னர்களிடம் பொன் இருந்தும் குதிரைகள் ஏன் செத்தன என்பது குறித்து அன்று நடந்த விவாதம், மணி அடித்த பிறகும் வராந்தாவில் தொடர்ந்தது.

ஒரு மாணவன் குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலைச் சொன்னான். மாசி மகத்தன்று அங்குள்ள மாபெரும் குதிரைச் சிலைக்குக் காகிதப்பூ மாலைகள் சார்த்தப்படுவதை எங்கள் பிள்ளைகளில் பலர் பார்த்திருக்கிறார்கள். “அந்தக் குதிரைக்கு வேர்க்காது டீச்சர்” என்றான். வகுப்பே சிரித்தது.

மூன்றாம் செயல்பாடு: மரத்தடி ஏன் ஆபத்து?

இனி அந்த வேப்பமரம். வெயிலில் உயிர் காக்கும் அதே மரத்தடி, இடிமழையில் உயிரை எடுக்கும் இடமாகிவிடுகிறது. ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகலில் திடீரென்று திரளும் மேகம் அரை மணி நேரத்தில் சூறைக்காற்றும் மின்னலுமாக இறங்கும். மரத்தடியில் கட்டிய மாடுகள் மின்னல் தாக்கி இறப்பது நம் ஊர்களில் புதிய செய்தியில்லை. ஒரே மின்னலில் பல மாடுகள் சேர்ந்து விழுவது ஏன் என்று பிள்ளைகள் கேட்டார்கள்.

விளையாட்டு மைதானத்தில் ஒரு குச்சியை நட்டு அதை மரம் என்றோம். அதைச் சுற்றி ஒரு மீட்டர் இடைவெளியில் ஐந்து வட்டங்கள் போட்டு, உள்ளிருந்து வெளியே 100, 50, 33, 25, 20 என்று எண்கள் எழுதினோம். மின்னல் மரத்தில் இறங்கித் தரையில் பரவும்போது மின்னழுத்தம் இப்படித்தான் விலக விலகக் குறைகிறது என்றேன். இவை விளையாட்டுக்கான எண்கள், உண்மை அளவுகள் பல மடங்கு பெரியவை. ஒரு மாணவன் இரு கால்களையும் சேர்த்து ஒரே கோட்டில் நின்றான். வேறுபாடு 0. அடுத்து இருவர் முன்னும் பின்னுமாகக் கைபோட்டுக் குதிரையானார்கள். முன்னங்கால் 100இல், பின்னங்கால் 50இல். வேறுபாடு 50. அந்த வேறுபாடுதான் உடல் வழியாக மின்சாரத்தைச் செலுத்துகிறது. முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் நடுவேதான் இதயம் இருக்கிறது. மின்னல் விலங்கின் மேல் நேரே விழ வேண்டிய தேவையே இல்லை.

மனிதன் கால்களைச் சேர்த்து நின்றால் மரத்தடியில் தப்பித்துவிடலாம் என்று ஒரு மாணவன் முடிவுக்கு வந்தான். அந்த இடத்தில் கவனமாக இருக்க வேண்டியிருந்தது. மரத்திலிருந்து மின்னல் பக்கவாட்டில் உடலுக்குத் தாவவும் கூடும். திறந்தவெளியில் பாதுகாப்பான இடம் என்று எதுவும் இல்லை, கட்டடத்துக்குள் போவதுதான் வழி என்று அழுத்திச் சொன்னேன்.

பிறகு எண்ணக் கற்றோம். ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும் என்பதால், மின்னலுக்கும் இடிக்கும் இடையே மூன்று வினாடி என்றால் மின்னல் ஒரு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. முப்பது வினாடிக்குள் இடி கேட்டால் உள்ளே போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் ஆகும்வரை வெளியே வரக் கூடாது. புணேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் உருவாக்கிய ‘தாமினி’ செயலி, நாம் இருக்கும் இடத்துக்கு அருகே மின்னல் வருவதை முன்கூட்டிச் சொல்லும். பெற்றோர் கூட்டத்தில் அதைப் பலருடைய கைப்பேசியில் ஏற்றிக்கொடுத்தோம்.

அப்போதுதான் ஒரு மாணவி கேட்டாள். “டீச்சர், ஆடு முந்திரிக் காட்டுல மரத்துல கட்டியிருக்கு. இடி ஆரம்பிச்சிடுச்சு. நான் போய் அவுத்து விடலாமா, வேணாமா?”

வகுப்பு அமைதியானது. விடுமுறை நாளில் ஆடு மேய்க்கும் பிள்ளைகள் அங்கே பத்துப் பேராவது இருந்தார்கள். ஓர் ஆட்டின் விலை அந்த வீடுகளில் என்ன என்பது எனக்கும் தெரியும். “போகக் கூடாது” என்றேன். “ஆடு செத்தா அம்மா திட்டுவாங்க டீச்சர்.” “திட்டட்டும். நான் வந்து பேசுறேன்.” அடுத்த பெற்றோர் கூட்டத்தில் இதைத்தான் முதல் செய்தியாகப் பேசினேன். இடி தொடங்கிய பிறகு எந்தப் பிள்ளையையும் ஆடு மாடு அவிழ்த்து வர அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். ஒரு தாய் எழுந்து, “அப்ப மேகம் கூடுறப்பவே புடிச்சாந்துடணும்” என்றார். பலகையில் நாங்கள் எழுதும் “புழுக்க நாள்” அறிவிப்புக்கு அன்று இரண்டாவது பயன் கிடைத்தது. அந்த அறிவிப்பு இருக்கும் நாளில் கால்நடைகளைத் தனி மரத்தில் கட்டாமல், பிற்பகலிலேயே வீட்டுக்கு ஓட்டிவருவது என்று பிள்ளைகள் வீட்டில் சொல்லத் தொடங்கினார்கள்.

பிள்ளைகள் தயாரித்த பராமரிப்பு அட்டை

வாரக் கடைசியில் குழுக்களாகப் பிரிந்து ஓர் அட்டை எழுதினார்கள். மருத்துவரிடம் காட்டித் திருத்தி வாங்கினோம். குதிரைக்காக எழுதியது என்றாலும் பெரும்பகுதி மாட்டுக்கும் பொருந்தும்.

1. பயிற்சியும் வேலையும் விடியற்காலையில் மட்டும். புழுக்க நாளில் ஓட்டம் வேண்டாம்.

2. தண்ணீர் எந்நேரமும் இருக்க வேண்டும். சும்மா நிற்கும் குதிரையே நாளொன்றுக்கு 25 லிட்டருக்கு மேல் குடிக்கும், கோடையில் இன்னும் அதிகம். எத்தனை வாளி என்று எண்ணி எழுதி வைக்கவும். ஓடி வந்த குதிரைக்குத் தண்ணீர் மறுக்க வேண்டாம்.

3. வியர்வையோடு உப்பும் போகிறது. நக்குவதற்கு உப்புக்கட்டி வைக்கவும். உப்பு கலந்த நீர் கொடுத்தால் பக்கத்திலேயே நல்ல தண்ணீரும் இருக்க வேண்டும்.

4. கொட்டகையில் காற்று குறுக்காக ஓட வேண்டும். தகரத்தின்மேல் தென்னங்கீற்று பரப்பலாம். ஈரச் சாக்கை வறண்ட காற்று வரும் பக்கத்தில் தொங்கவிடலாம். விலங்கின் மேல் போர்த்தக் கூடாது.

5. மூச்சு வாங்கினால், தள்ளாடினால், வியர்க்க வேண்டிய நேரத்தில் தோல் உலர்ந்திருந்தால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடல் முழுவதும் தொடர்ந்து தண்ணீர் ஊற்றவும். மருத்துவரை அழைக்கவும். அவசரக் கால்நடை ஊர்திக்கு 1962.

6. ஓய்வு நாளில் கொள்ளைக் குறைத்துப் புல்லைக் கூட்டவும். மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த வைக்கோலைக் கொடுக்கக் கூடாது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, வயிற்று வலி உயிருக்கே ஆபத்து.

7. மேகம் கூடும்போதே உள்ளே கட்டவும். தனி மரம், கம்பி வேலி, இரும்புக் கம்பம் அருகே கட்டக் கூடாது.

8. கொட்டகைத் தகரத்தைக் கோடைக்கு முன்பே இறுக்கிக் கட்டவும்.

9. மழை விட்டதும் குளம்பில் சேறு எடுத்து உலர்த்தவும். தேங்கிய நீரையும் ஈத் தொல்லையையும் போக்கவும். அறுந்து கிடக்கும் மின்கம்பி இருக்கிறதா என்று பெரியவர்கள் பார்த்த பிறகே கால்நடையை வெளியே விடவும்.

எட்டாவது குறிப்பை எழுதிய குழுவிடம் காரணம் கேட்டேன். “கஜாப் புயல்ல எங்க வீட்டுத் தகரம் அடுத்த தெருவுல கிடந்துச்சாம் டீச்சர்” என்றார்கள். 2018 நவம்பர் 16 எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்குத் தேதியாகத் தெரியாவிட்டாலும் வீட்டுக் கதையாகத் தெரியும்.

மதிப்பீடு

முன்பு நான் கேட்ட வினா, “ஆவியாதல் என்றால் என்ன?” வகுப்பில் ஏறத்தாழ எல்லோரும் சரியாக எழுதுவார்கள். இந்த முறை இப்படிக் கேட்டேன்: “உன் பக்கத்து வீட்டுக்காரர் வெயிலில் களைத்த மாட்டின் மேல் ஈரச் சாக்கைப் போர்த்துகிறார். நீ அவரிடம் முதலில் என்ன கேட்பாய்? ஏன்?”

பாதிப் பேர் “போர்த்தக் கூடாது” என்று விதியை மட்டும் எழுதினார்கள். அவர்களோடு இன்னும் வேலை இருக்கிறது. சிலர், காற்று அடிக்கிறதா, கொட்டகை திறந்திருக்கிறதா என்று கேட்பேன் என்று எழுதியிருந்தார்கள். குதிரை வீட்டு மாணவன் எழுதியது: “மேகம் இருக்கா என்று கேட்பேன். காற்று நின்றுவிட்டதா என்று கேட்பேன். சாக்கை எடுத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றச் சொல்வேன். நான் ஒரு தடவை சாக்கு போட்டேன், அதனால் தெரியும்.”

கடைசி வாக்கியத்துக்கு மதிப்பெண் பட்டியலில் இடம் இல்லை. நான் அதற்கும் ஒரு மதிப்பெண் போட்டேன்.

உங்கள் பள்ளியின் பக்கத்தில் குதிரை இல்லாமல் இருக்கலாம். எருமையோ, உழவு மாடோ, வாத்துக் கூட்டமோ, கோழிப் பண்ணையோ இருக்கும். ஐந்து டம்ளர்களும் இரண்டு வெப்பமானிகளும் ஒரு விளக்குத் திரியும் எல்லாப் பள்ளியிலும் கிடைக்கும். ஏப்ரலிலேயே செய்துவிடுங்கள். விடுமுறைக்குப் பிள்ளைகள் போகும்போது, கத்திரி வெயிலுக்கும் கோடை இடிக்கும் முன்னால் அது அவர்கள் கையில் இருக்க வேண்டும்.